எட்வர்ட் குக்: ராஜாவுக்காக கத்தின வக்கீல், ராஜாவையே மடக்கின கிழவர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

யாருங்க இந்த எட்வர்ட் குக்?

1552ல இங்கிலாந்துல நார்ஃபோக் பக்கம் மைல்ஹாம்ங்கிற ஊர்ல பிறந்து, 1634ல 82 வயசுல செத்துப்போன ஒரு வக்கீல். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை பார்த்துட்டு கோக்னு படிக்காதீங்க, குக்தான். எலிசபெத் ராணி காலத்துல அட்டர்னி ஜெனரல், அதாவது அரசாங்கத்தோட தலைமை வக்கீல், ஜேம்ஸ் ராஜா காலத்துல தலைமை நீதிபதி, அப்புறம் அந்த வேலையும் போய், வயசான காலத்துல எம்பியா பார்லிமென்ட்ல உட்கார்ந்து சார்லஸ் ராஜாவோட தூக்கத்தை கெடுத்தவர். மூணு ஆட்சி பார்த்தாச்சு, மூணுலயும் ஆள் வேற வேற மாதிரி இருப்பார், அதனாலதான் இவரை பத்தி பேசறவங்க பாதி பேர் தெய்வம்கிறாங்க பாதி பேர் சந்தர்ப்பவாதிங்கிறாங்க. என்னை கேட்டா அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி எதுவோ அதுக்காக உயிரை விட்டு சண்டை போடுவார், அதான் அவர் குணம். ராஜா நாற்காலி பக்கத்துல நின்னப்ப ராஜாவுக்காக, ஜட்ஜ் நாற்காலியில கோர்ட்டுக்காக, எம்பியா இருந்தப்ப சபைக்காக. இதை மனசுல வெச்சுக்கிட்டு படிச்சீங்கன்னா மத்ததெல்லாம் புரியும்.

பெரிய குடும்பமா? எப்படி மேல வந்தார்?

ரொம்ப பெரிய குடும்பம்னு சொல்ல முடியாது, நல்ல வசதி. அப்பா ராபர்ட்டும் லண்டன்ல வக்கீல்தான், குக்குக்கு ஒன்பது வயசு இருக்கும்போதே போய்ட்டார். நார்விச்ல ஸ்கூல், கேம்பிரிட்ஜ்ல டிரினிட்டி காலேஜ், டிகிரி வாங்காமலே கிளம்பிட்டார், அந்த காலத்துல அது சாதாரணம். அப்புறம் லண்டன்ல இன்னர் டெம்பிள்ல சட்டம் படிச்சு 1578ல வக்கீலா பதிவு.

ஆரம்பத்துலயே கிடைச்ச ஒரு கேஸ்ல ஒரு பாதிரியாருக்காக ஆஜரானார், எதிர்தரப்பு ஒரு பிரபு, மானநஷ்ட வழக்கு. எதிர்தரப்பு ஆதாரமா காட்டின சட்ட நகல் மூலத்தோட ஒத்துப்போகலைங்கிறதை போய் தோண்டி எடுத்து, அதை வெச்சே கேஸை கவுத்துட்டார். பழைய ஏட்டை எடுத்து எதிராளி தலையில போடற இந்த டெக்னிக்தான் பின்னாடி ரெண்டு ராஜாக்களுக்கும் தலைவலி. 1582ல பிரிட்ஜெட் பாஸ்டன்னு ஒரு பொண்ணை கட்டினார், பெரிய இடம், கூடவே நிறைய சொத்தும் வந்துச்சு. 1592ல சொலிசிட்டர் ஜெனரல், அதாவது அரசாங்கத்தோட ரெண்டாவது வக்கீல், 1593ல பார்லிமென்ட்டோட கீழ்சபையான காமன்ஸ் சபைக்கு சபாநாயகர், 1594ல அட்டர்னி ஜெனரல்.

ஃபிரான்சிஸ் பேக்கனோட என்ன பகை?

பேக்கனும் வக்கீல்தான், தத்துவ அறிஞரும் கூட. அட்டர்னி ஜெனரல் போஸ்டுக்கு அவரும் நின்னார், எஸ்ஸெக்ஸ் பிரபு ராணிகிட்ட பேக்கனுக்காக எவ்வளவோ சொல்லி பார்த்தார், ராணி குக்கைத்தான் போட்டாங்க. அதோட முடியல. 1598ல பிரிட்ஜெட் இறந்துட்டாங்க, சில மாசத்துலயே குக் எலிசபெத் ஹாட்டன்னு ஒரு இளம் விதவையை கட்டிக்கிட்டார், பெரிய மந்திரி பர்லியோட பேத்தி, கையில சொத்து கையில செல்வாக்கு, அந்த அம்மாவை பேக்கனும் பொண்ணு கேட்டிருந்தார்! வேலையும் போச்சு பொண்ணும் போச்சு. அந்த கல்யாணத்தையும் சர்ச் விதிப்படி முன்னறிவிப்பு எதுவும் குடுக்காம அவசரமா பண்ணி மாட்டிக்கிட்டாங்க, சர்ச் கோர்ட்ல கேஸ் ஆச்சு, அப்ப நாட்டோட அட்டர்னி ஜெனரல் சொன்ன சமாதானம் என்ன தெரியுமா, சட்டம் தெரியாம பண்ணிட்டேன். சிரிக்காம படிங்க.

அந்த அம்மா கடைசிவரைக்கும் குக்ங்கிற பேரை போட்டுக்கல, லேடி ஹாட்டன்தான். வீட்டுல தினம் சண்டை.

அட்டர்னி ஜெனரலா எப்படி இருந்தார்? ராலி கேஸ்ல ரொம்ப மோசமா நடந்துகிட்டாராமே?

மோசம்தான், மூடி மறைக்க ஒண்ணும் இல்ல. 1603ல ஜேம்ஸ் ராஜா பதவிக்கு வந்த புதுசு, எலிசபெத் ராணிக்கு வேண்டியவரா இருந்த கடலோடி சர் வால்டர் ராலி மேல ராஜதுரோக கேஸ். லண்டன்ல பிளேக் நோய், அதனால வின்செஸ்டர்ல விசாரணை. ராலிக்கு எதிரா இருந்த முக்கிய ஆதாரம் காபம் (Cobham)ங்கிற பிரபு எழுதிக்குடுத்த வாக்குமூலம், அவ்வளவுதான். ராலி என்ன கேட்டார், அந்த ஆளை கோர்ட்டுக்கு கூட்டிட்டு வாங்க, என் முகத்தை பார்த்து சொல்லட்டும்னு கேட்டார். கூட்டிட்டு வரல. குக் பாட்டுக்கு விஷப்பாம்பே துரோகியேன்னு ஒருமையில கத்தினார், கூட இருந்த கமிஷனர்களே கொஞ்சம் பொறுமையா பேசுங்கன்னு சொல்லுற அளவுக்கு. ராலிக்கு மரண தண்டனை விதிச்சு, பல வருஷம் லண்டன் டவர்ங்கிற கோட்டை ஜெயில்ல வெச்சு, 1618ல தலையை வெட்டினாங்க.

இந்த விசாரணையோட அசிங்கம் எவ்வளவு நாள் நின்னுச்சுன்னா, 2004ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் கிராஃபோர்டுங்கிற கேஸ்ல சாட்சியை நேருக்கு நேர் குறுக்கு விசாரணை பண்ற உரிமையை பத்தி எழுதும்போது ராலி கேஸைத்தான் எடுத்து காட்டுது. எப்படி நடத்தக்கூடாதுங்கிறதுக்கு உதாரணமா.

அதுக்கு முன்னாடி 1601ல, ராணிக்கு எதிரா கலகம் பண்ண எஸ்ஸெக்ஸ் பிரபு மேல கேஸ், அப்புறம் 1606ல வெடிமருந்து சதி கேஸ், அதாவது பார்லிமென்ட்டையே வெடி வெச்சு தகர்க்க பார்த்த கை ஃபாக்ஸ் கூட்டம், ரெண்டும் இவர் நடத்தினதுதான். சித்திரவதை பண்ண அனுமதி குடுக்கிற உத்தரவுகள்ல இவர் பேர் இருக்கு. பின்னாடி இவரே எழுதின புத்தகத்துல இங்கிலாந்து சட்டத்துல சித்திரவதைக்கு இடமே இல்லைன்னு எழுதி வெச்சிருக்கார். ரெண்டும் ஒரே ஆள்.

ஜட்ஜ் ஆனதும் திடீர்னு ராஜாவை எதிர்க்க ஆரம்பிச்சது ஏன்?

1606ல காமன் பிளீஸ்ங்கிற பொதுச்சட்ட கோர்ட்டுக்கு தலைமை நீதிபதி. பொதுச்சட்டம்னா பழைய வழக்கம், பழைய தீர்ப்பு வழியா வளர்ந்த சட்டம். அப்ப இங்கிலாந்துல கோர்ட்டுக்கு பஞ்சமே இல்ல, பொதுச்சட்ட கோர்ட் ஒரு பக்கம், சர்ச் கோர்ட் ஒரு பக்கம், சான்சரி ஒரு பக்கம், ஸ்டார் சேம்பர் ஒரு பக்கம், எந்த கேஸ் யாருக்கு சொந்தம்னு தினம் இழுபறி. சர்ச் கோர்ட் தன் எல்லையை தாண்டறப்பல்லாம் குக் தடை உத்தரவு போட்டுக்கிட்டே இருந்தார், ஆர்ச்பிஷப் போய் ராஜாகிட்ட முறையிட்டார், ஜட்ஜுங்க எல்லாரும் உங்க பிரதிநிதிங்கதானே, நீங்களே கேஸை எடுத்து தீர்ப்பு சொல்லலாமேன்னு ஏத்தி விட்டார்.

1607 நவம்பர்ல எல்லாரையும் ராஜா கூப்பிட்டார். ஜேம்ஸ் நல்லா படிச்சவர், புத்தகம் எழுதினவர், அவர் கேட்ட கேள்வியும் நியாயமான கேள்விதான், சட்டம்ங்கிறது பகுத்தறிவுன்னு சொல்றீங்க, பகுத்தறிவு எனக்கும் இருக்கே? குக் சொன்னாராம், ஆண்டவன் உங்களுக்கு அறிவை அள்ளி குடுத்திருக்கார் மகாராஜா, ஆனா மக்களோட உயிரும் சொத்தும் சம்பந்தப்பட்ட கேஸை வெறும் இயற்கை அறிவால தீர்க்க முடியாது, அதுக்கு வருஷக்கணக்கா படிச்சு பழகி வர்ற தனி அறிவு வேணும். ராஜாவுக்கு கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு, அப்ப நான் சட்டத்துக்கு கீழயா, அப்படி சொல்றதே ராஜதுரோகம்னார். அதுக்கு குக் பிராக்டன்னு ஒரு பழைய சட்ட அறிஞர் எழுதினதை எடுத்து விட்டார், ராஜா எந்த மனுஷனுக்கும் கீழ இல்ல, ஆனா கடவுளுக்கும் சட்டத்துக்கும் கீழதான்.

சினிமா சீன் மாதிரி இருக்கில்ல? இது குக்கே எழுதின வெர்ஷன், அதுவும் கேஸ்களை தொகுத்து அவர் எழுதின அறிக்கைகள்ல, அவர் செத்து பல வருஷம் கழிச்சு 1656ல அச்சான பாகத்துல வந்தது. அந்த காலத்துல இன்னொருத்தர் எழுதின கடிதத்துல, ராஜா முஷ்டியை ஓங்கினதும் குக் நாலு காலா தரையில விழுந்து மன்னிப்பு கேட்டார்னு இருக்கு. எனக்கு ரெண்டுமே நடந்திருக்கும்னுதான் தோணுது, விழுந்து கும்பிட்டுட்டு எழுந்து போய் மறுபடியும் தடை உத்தரவு போட்டிருக்கார், உத்தரவு நின்ன மாதிரி தெரியல.

டாக்டர் போனம் கேஸ்னா என்ன?

இது கொஞ்சம் நிதானமா சொல்ல வேண்டிய விஷயம். தாமஸ் போனம் கேம்பிரிட்ஜ்ல மருத்துவம் படிச்சவர், லண்டன்ல வைத்தியம் பார்த்தார். லண்டன்ல யார் வைத்தியம் பார்க்கலாம்னு லைசென்ஸ் குடுக்கிற அதிகாரம் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ்ங்கிற சங்கத்துகிட்ட, ராஜா பட்டயமும் பார்லிமென்ட் சட்டமும் ரெண்டுமே அவங்க கையில. போனமை பரீட்சை வெச்சு தகுதி இல்லைன்னாங்க, அஞ்சு பவுண்டு அபராதம், அவர் கேட்காம தொடர்ந்து பார்த்தார், பத்து பவுண்டு அபராதம், அப்புறம் பிடிச்சு ஜெயில்ல போட்டாங்க. போனம் வெளிய வந்து, என்னை சட்டவிரோதமா அடைச்சாங்கன்னு கேஸ் போட்டார்.

1610ல குக் தீர்ப்பு சொன்னார். அந்த அபராதத்துல பாதி ராஜாவுக்கு, மீதி பாதி சங்கத்துக்கே போகும். அப்ப தப்பு பண்ணாரா இல்லையான்னு முடிவு பண்றதும் சங்கம், தண்டனை குடுக்கிறதும் சங்கம், அபராதத்துல பங்கு வாங்கறதும் சங்கம்னா இது எந்த ஊர் நியாயம், தன் வழக்குல தானே நீதிபதியா யாரும் இருக்க முடியாதுன்னார். அதோட விடல, பார்லிமென்ட் போட்ட சட்டமே பொது நியாயத்துக்கும் அறிவுக்கும் விரோதமா இருந்தா பொதுச்சட்டம் அதை கட்டுப்படுத்தும், செல்லாதுன்னும் சொல்லும்னு ஒரு வரி எழுதினார்.

அந்த ஒரு வரிக்கு அப்புறம் எத்தனை ஆயிரம் பக்கம் எழுதியிருக்காங்கன்னு கணக்கே இல்ல. இங்கிலாந்துல பார்லிமென்ட்தான் உச்சம்னு பின்னாடி ஆகிடுச்சு, அதனால அங்க அது செல்லுபடி ஆகல. ஆனா 1761ல பாஸ்டன்ல ஜேம்ஸ் ஓட்டிஸ்ங்கிற வக்கீல் பிரிட்டிஷ்காரன் சோதனை வாரன்ட்டுக்கு எதிரா வாதாடும்போது இந்த வரியைத்தான் பிடிச்சார்.

நம்ம ஊருக்கும் இவருக்கும் சம்பந்தம் இருக்கா?

பிரிட்டிஷ் பொதுச்சட்டம் வழியா வந்த சம்பந்தம் இருக்கு. தன் வழக்குல தானே நீதிபதி ஆகக்கூடாதுங்கிற கொள்கை இந்திய கோர்ட்கள்ல தினசரி சாப்பாடு. 1969ல சுப்ரீம் கோர்ட் கிரைபக் கேஸ்னு ஒண்ணு, வனத்துறை செலக்‌ஷன் போர்டுல உட்கார்ந்த அதிகாரியே அந்த வேலைக்கு போட்டியாளர், தன் பேர் வரும்போது மட்டும் அவர் வெளிய போய்ட்டார்னு சொன்னாங்க, கோர்ட் ஒத்துக்கல, அந்த தேர்வையே ரத்து பண்ணிடுச்சு. சட்டம் படிக்கிறவங்களுக்கு இது அத்துப்படி.

இன்னொண்ணு தலைகீழா. பின்னல் (Pinnel)ங்கிறவரோட கேஸ், 1602, குக் அறிக்கையில வர்றது. நூறு ரூபா கடன், அம்பது வாங்கிட்டு மீதியை விட்டுடறேன்னு கடன் குடுத்தவர் வாயால சொன்னாலும் அது அவரை கட்டுப்படுத்தாது, பின்னாடி மீதி அம்பதும் கேட்கலாம்ங்கிறது அதோட சாரம். இங்கிலாந்துல இன்னும் அந்த விதிதான். ஆனா 1872 இந்திய ஒப்பந்த சட்டம் 63வது பிரிவு அதை ஏத்துக்கல, குறைச்சு வாங்கிட்டு முடிச்சுக்கறேன்னா முடிஞ்சதுதான். எக்ஸாம்ல இந்த வித்தியாசத்தை கேட்பாங்க, எழுதி வெச்சுக்கோங்க.

வேலை போனது எப்படி?

1613ல பேக்கன் ராஜாவுக்கு ஐடியா குடுத்தார், குக்கை காமன் பிளீஸ்ல இருந்து கிங்ஸ் பெஞ்ச்ங்கிற இன்னொரு பொதுச்சட்ட கோர்ட்டுக்கு மாத்துங்கன்னு. பேர் பெருசு வருமானம் கம்மி, ராஜா பக்கத்துலயே இருப்பார், கொஞ்சம் அடங்குவார்ங்கிற கணக்கு. குக் அழுதுகிட்டேதான் போனாராம். அடங்கினாரா? இல்ல.

1616ல ஒரு கேஸ், பிஷப்புகளுக்கு கூடுதல் பதவி வருமானம் குடுக்க ராஜாவுக்கு அதிகாரம் இருக்கான்னு. என்கிட்ட பேசற வரைக்கும் விசாரணையை நிறுத்துங்கன்னு ராஜா பேக்கன் மூலமா லெட்டர் அனுப்பினார். பன்னிரண்டு ஜட்ஜும் சேர்ந்து, இப்படி லெட்டர் அனுப்பறது சட்டத்துக்கு விரோதம், நாங்க கேஸை நடத்திட்டோம்னு பதில் எழுதிட்டாங்க. ராஜா அவங்களை வரவழைச்சு அந்த பதிலை கிழிச்சு போட்டார், பன்னிரண்டு பேரும் முழங்கால் போட்டாங்க. இனிமே நான் நிறுத்த சொன்னா நிறுத்துவீங்களான்னு ஒவ்வொருத்தரா கேட்டார். பதினோரு பேர் நிறுத்துவோம்னாங்க. குக் மட்டும், அப்படி ஒரு கேஸ் வரும்போது ஒரு ஜட்ஜ் என்ன செய்யணுமோ அதை செய்வேன்னார்.

ஜூன்ல சஸ்பெண்ட், எழுதின தீர்ப்பு அறிக்கைகள்ல இருக்கிற தப்பையெல்லாம் திருத்திட்டு வான்னு ஹோம்வொர்க் வேற. சுமார் ஐநூறு கேஸ்ல சில்லறை பிழையா அஞ்சே அஞ்சு கண்டுபிடிச்சு கொண்டு போய் குடுத்தார் மனுஷன். நவம்பர்ல டிஸ்மிஸ்.

மகளோட கல்யாண விஷயம் உண்மையா?

உண்மை, அவர் வாழ்க்கையிலேயே மன்னிக்க முடியாதது இதுதான்னு நான் நினைக்கிறேன். வேலை போச்சு, ராஜாவோட செல்லப்பிள்ளை பக்கிங்ஹாம், அவனோட அண்ணன் ஜான் வில்லியர்ஸுக்கு தன் பொண்ணு ஃபிரான்சஸை குடுத்தா மறுபடி உள்ள நுழையலாம்னு குக் கணக்கு போட்டார். பொண்ணுக்கு பதினாலு பதினஞ்சு வயசு, இஷ்டம் இல்ல. அம்மா லேடி ஹாட்டன் பொண்ணை கூட்டிட்டு போய் ஒரு சொந்தக்காரர் வீட்டுல ஒளிச்சு வெச்சாங்க. குக் மகன்களையும் ஆளுங்களையும் கூட்டிக்கிட்டு ஆயுதத்தோட போய் கதவை உடைச்சு பொண்ணை தூக்கிட்டு வந்துட்டார்.

ஒருத்தனோட வீடு அவனுக்கு கோட்டை மாதிரின்னு 1604 செமெய்ன் கேஸ் அறிக்கையில எழுதினது யாரு? இதே ஆள்தான்.

1617 செப்டம்பர்ல ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில கல்யாணம், ராஜா முன்னாடி. குக்குக்கு ராஜாவோட ஆலோசனை சபையான பிரிவி கவுன்சில்ல மறுபடி இடம் கிடைச்சுது, பழைய நீதிபதி வேலை கிடைக்கல. பொண்ணு கொஞ்ச வருஷத்துல புருஷனை விட்டுட்டு போய்ட்டா.

பேக்கனை கவுத்தது குக்தானா?

தனியா இல்ல, ஆனா கை இருந்துச்சு. 1621ல பார்லிமென்ட் கூடுச்சு, குக் கார்ன்வால்ல லிஸ்கர்ட் தொகுதி எம்பி, வயசு 69. ஏகபோக உரிமை வெச்சு கொள்ளையடிச்ச மாம்பெசன்ங்கிற ஆளை பிடிக்கிறதுக்காக, ரொம்ப காலமா பயன்படுத்தாம கிடந்த இம்பீச்மென்ட் முறையை, அதாவது கீழ்சபை குற்றம் சாட்டி மேல்சபை விசாரிக்கிற முறையை, தூசி தட்டி எடுத்தாங்க, பழைய ஏட்டை தேடி முன்னுதாரணம் குடுத்தது குக். அதே கத்தி அடுத்து பேக்கன் பக்கம் திரும்புச்சு, அப்ப அவர் லார்ட் சான்சலர், அதாவது சான்சரி கோர்ட்டுக்கு தலைவரா இருந்த பெரிய மந்திரி, கேஸ் நடக்கும்போதே கட்சிக்காரங்ககிட்ட காசு வாங்கினார்ங்கிறது குற்றச்சாட்டு. பேக்கன் ஒத்துக்கிட்டார். 40,000 பவுண்டு அபராதம், டவர்ல அடைப்பு, ரெண்டையும் ராஜா பெரும்பாலும் தள்ளுபடி பண்ணிட்டார், ஆனா பதவி திரும்பி வரல.

அதுக்கு முந்தின வருஷம்தான் பேக்கன் தன்னோட நோவம் ஆர்கனம் புத்தகத்தை குக்குக்கு அனுப்பியிருந்தார், முகப்புல ஒரு கப்பல் படம் போட்டது. குக் அந்த பக்கத்துலயே கிறுக்கி வெச்சிருக்கார், இது பள்ளிக்கூடத்துல படிக்க லாயக்கில்ல, முட்டாள்கள் கப்பல்ல ஏத்த வேண்டியதுன்னு ரெண்டு வரி எதுகையோட. உலகத்தோட அறிவியல் போக்கையே மாத்தின புத்தகம் அது. இந்த விஷயத்துல தோத்தது குக்தான்.

அவரும் ஜெயிலுக்கு போனாராமே?

அதே 1621 டிசம்பர்ல. வெளிநாட்டு விவகாரம், இளவரசர் கல்யாணம் இதையெல்லாம் சபை பேசக்கூடாதுன்னு ராஜா சொன்னார், பேசறது எங்க பிறப்புரிமைன்னு சபை ஒரு தீர்மானம் எழுதி குறிப்பேட்டுல ஏத்துச்சு, ராஜா அந்த குறிப்பேட்டை வரவழைச்சு தன் கையாலயே அந்த பக்கத்தை கிழிச்சார். குக் டவருக்கு போனார். 1622 ஆகஸ்ட்லதான் வெளிய விட்டாங்க. ராஜதுரோக கைதிகளை அனுப்பி வெச்ச இடத்துலயே இவர். அடுத்த பார்லிமென்ட்ல, 1624ல, ஏகபோக சட்டம் வந்துச்சு, புது கண்டுபிடிப்புக்கு 14 வருஷம் உரிமை, மத்ததுல பெரும்பாலானது செல்லாதுன்னு, இன்னைக்கு பேட்டன்ட்னு சொல்றமே அதோட வேர்.

உரிமை மனு பத்தி சுருக்கமா சொல்லுங்க

சார்லஸ் ராஜா 1625ல வந்தார், காசு இல்ல, போர் மட்டும் இருக்கு. குக் சபைக்கு வந்தா தொல்லைன்னு அவரை பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்துக்கு ஷெரீஃப்ங்கிற அரசு அதிகாரி ஆக்கிட்டாங்க, ஷெரீஃப் ஊரை விட்டு வரமுடியாது, அதனால 1626 பார்லிமென்ட்ல அவர் இல்ல. சபை பணம் தரலைன்னதும் ராஜா கட்டாய கடன் வசூல் பண்ணார், தராதவங்களை காரணமே சொல்லாம உள்ள வெச்சார். உள்ள இருந்தவங்கள்ல நைட் (சர்) பட்டம் வாங்கின அஞ்சு பேர் கோர்ட்டுக்கு போனாங்க, ராஜாவோட விசேஷ கட்டளைங்கிறதே போதுமான காரணம்னு சொல்லி ஜாமீன் மறுத்துட்டாங்க.

1628ல 76 வயசுல குக் மறுபடி சபையில. சபை ஒத்துக்காம வரி கடன் எதுவும் வாங்கக்கூடாது, காரணம் சொல்லாம யாரையும் அடைக்கக்கூடாது, வீடுகள்ல சிப்பாயை தங்க வைக்கக்கூடாது, அமைதி காலத்துல ராணுவ சட்டம் கூடாது, இதான் உரிமை மனுவோட நாலு விஷயம். மேல்சபை ஒரு வரி சேர்க்க பார்த்துச்சு, ராஜாவோட இறையாண்மை அதிகாரத்துக்கு பங்கம் வராமன்னு. குக் எழுந்து, மேக்னா கார்ட்டா (ராஜா அதிகாரத்துக்கு எல்லை போட்ட 1215 சாசனம்) எப்பேர்ப்பட்ட ஆள்னா தனக்கு மேல ஒரு இறையாண்மையை வெச்சுக்க மாட்டான்னார். அந்த வரியை விட்டிருந்தா மொத்த மனுவும் வெத்து காகிதம்தான், அது அவருக்கு உடனே புரிஞ்சுது, வக்கீல் புத்தி. ஜூன் 7ஆம் தேதி ராஜா வேற வழி இல்லாம சம்மதிச்சார்.

என்னென்ன எழுதினார், எதுல ஆரம்பிக்கலாம்?

ரெண்டு பெரிய குவியல். ஒண்ணு அறிக்கைகள், 1600ல இருந்து 1615 வரைக்கும் பதினோரு பாகம், செத்த அப்புறம் இன்னும் ரெண்டு. வெறும் தீர்ப்பு மட்டும் இருக்காது, தன் கருத்தையும் உள்ள நைசா சொருகியிருப்பார், எது கோர்ட் சொன்னது எது குக் சொன்னதுன்னு பிரிக்கிறது கஷ்டம். இன்னொண்ணு இன்ஸ்டிட்யூட்ஸ், நாலு பாகம், முதல் பாகம் 1628ல வந்துச்சு. மீதி மூணும் வரவிடாம சார்லஸ் பார்த்துக்கிட்டார், 1634ல குக் ஸ்டோக் போஜஸ் வீட்டுல சாகக்கிடக்கும்போது ராஜா ஆளுங்க வந்து பேப்பரையெல்லாம் அள்ளிட்டு போய்ட்டாங்க, உயில் உட்பட. 1641ல பார்லிமென்ட் அதையெல்லாம் திரும்ப வாங்கி அச்சடிக்க சொல்லுச்சு, மேக்னா கார்ட்டா விளக்கம் இருக்கிற ரெண்டாம் பாகம் 1642ல வந்துச்சு, உள்நாட்டு போர் ஆரம்பிச்ச அதே வருஷம்.

தயவுசெஞ்சு முதல் பாகத்துல ஆரம்பிச்சுடாதீங்க. அது லிட்டில்டன்னு ஒருத்தர் எழுதின நில உரிமை நூலுக்கு விளக்கம், நடுவுல மூலம், சுத்தி குறிப்பு, குறிப்புக்கு குறிப்பு, தாமஸ் ஜெஃபர்சன் சட்டம் படிக்கிற வயசுல இந்த கிழவனை பிசாசு தூக்கிட்டு போகட்டும்ங்கிற மாதிரி ஃப்ரெண்டுக்கு லெட்டரே எழுதியிருக்கார். செமெய்ன் கேஸ் முதல்ல, சின்னது, ஒரே உட்கார்வுல முடியும். அடுத்து போனம் கேஸ். அதுக்கு அப்புறம் 1607 சண்டையை அவர் எழுதின மாதிரியே படிங்க, அது ரெண்டு மூணு பக்கம்தான் வரும்.